மனிதன் யார்? டாவோஸ் மலையில் எழுந்த வாதம்

மனிதன் யார் என்று ஒருவர் நம்மைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். நம்மை நாமே அறியாமலா இருக்கிறோம் என்று எண்ணுவோம். ஆனால் விடை சொல்லத் தொடங்கியதுமே இடர்ப்பாடு தோன்றிவிடும். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டோட்டில், பகுத்தறிவும் மொழியும் உடைய உயிர் என மனிதனை வகுத்துக் கூறினார். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக நிரல்படுத்தி, மனத்தை ஆறாம் அறிவாகக் கொண்டு, அதனை உடையோரே மக்கள் என்றது. காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்ட இவ்விரு நூல்வழிகளும் ஒரு வகையில் ஒன்றுபடுகின்றன. ஏனைய உயிர்களிடம் உள்ளவற்றை முதலில் எண்ணி, அவற்றுக்கு மேலாக மனிதனிடம் மிகுந்து நிற்பது யாது என்று இரண்டும் கேட்கின்றன.

இவ்வாறு கேட்பது போதுமா என்னும் ஐயம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய மெய்யியலாரிடையே வலுவாக எழுந்தது. அந்த ஐயத்தை முன்வைத்து இரு பெரும் அறிஞர்கள் ஒரே மேடையில் நேருக்கு நேர் வாதிட்டனர். அவ்வாதத்தையும், அது முடிந்தபின் அவ்விருவருக்கும் நேர்ந்தவற்றையும் இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொள்வோம்.

சுவிற்சர்லாந்து நாட்டிலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,560 மீற்றர் உயரத்தில், பனிமலைகளின் நடுவே டாவோஸ் என்னும் ஊர் உள்ளது. கசநோய்க்குத் தக்க மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில், மலைக்காற்று நோயைத் தணிக்கும் என நம்பிப் பல நாட்டவரும் அவ்வூரின் ஆரோக்கிய நிலையங்களில் வந்து தங்குவது வழக்கம். ஜேர்மன் எழுத்தாளர் தோமஸ் மான் 1924இல் வெளியிட்ட ‘மாயமலை’ என்னும் நாவலுக்கு இவ்வூரே களமாயிற்று. முதலாம் உலகப்போரிற் பகைவராய் நின்ற ஜேர்மனியரும் பிரெஞ்சுக்காரரும் அறிவின் பெயரால் மீண்டும் ஓரிடத்திற் கூடவேண்டும் என்ற நன்னோக்குடன் 1928இல் இங்கு ஒரு பல்கலைக்கழக விரிவுரைத் தொடர் ஆரம்பிக்கப்பட்டது. அவ்வாண்டில் உரையாற்றியோருள் ஐன்ஸ்டைனும் ஒருவர். 1929ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கிய இரண்டாவது தொடர் மனிதன் யார் என்ற வினாவையே தனக்குப் பொருளாக எடுத்துக்கொண்டது.

இவ்வினாவை மெய்யியலின் தலைவாயிலில் நிறுத்தியவர் 18ஆம் நூற்றாண்டு ஜேர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட். நம்மால் அறியத்தக்கது எது, நாம் செய்யத்தக்கது எது, நாம் எதிர்பார்த்திருக்கத்தக்கது எது என மூன்று வினாக்களை அவர் எழுப்பினார். பின்னர், இம்மூன்றும் மனிதன் யார் என்னும் நான்காவது வினாவில் அடங்கும் என்றார். ஆதலின் டாவோசிற் கூடியோர் காண்டின் நூல்களை விளக்குவதுபோலவே தம் வாதத்தை நடத்தினர். பழைய நூலொன்றுக்கு இரு உரைகாரர் மாறுபட்டு உரை எழுதும்போது, சொற்பொருளில் மட்டுமன்றி உலகநோக்கிலும் அவர்கள் மாறுபடுவதுண்டு. டாவோசில் நடந்ததும் அத்தகையதே.

வாதிட்ட இருவரில் மூத்தவர் ஏர்ன்ஸ்ட் கசிரர். 1874இல் செல்வம் மிக்க யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஹம்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர். கணிதம், பௌதிகம், இலக்கியம், சமய வரலாறு ஆகிய பல துறைகளிலும் ஆழ்ந்த பயிற்சியுடையவர். நரைத்த தலையும் இனிய பேச்சும், மாறுபட்ட கருத்துடையோரையும் மதித்துக் கேட்கும் பண்பும் வாய்ந்தவர். இளையவர் மார்ட்டின் ஹைடெகர். 1889இல் தென் ஜேர்மனியின் சிற்றூர் ஒன்றிலே தேவாலயப் பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1927இல் வெளிவந்த ‘இருத்தலும் காலமும்’ என்ற நூல் அவருக்குப் பெரும்புகழைத் தேடித் தந்திருந்தது. நாகரிக உடையணிந்தோர் நிறைந்த உயர்தர விடுதிக்குள் பனிச்சறுக்கு உடையுடனேயே அவர் வந்து அமர்ந்தார். பழமையை உதறிப் புதிய சிந்தனையைத் தேடிய மாணவர்களுக்கு அத்தோற்றமே ஒரு கவர்ச்சியாக இருந்தது.

முதலிற் கசிரரின் கொள்கையைக் காண்போம். மனிதன் உலகத்தை நேரே எதிர்கொள்வதில்லை. தனக்கும் உலகுக்கும் இடையே அவன் ஒரு குறியீட்டு உலகத்தைப் படைத்துக்கொள்கிறான். மொழி, புராணம், சமயம், கலை, விஞ்ஞானம் ஆகியன அவ்வுலகின் பகுதிகள். இதனை விளக்கக் கசிரர் ஓர் எளிய உதாரணம் தந்தார். தாளில் ஒரு வளைகோடு இருக்கிறது எனக் கொள்வோம். அதன் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒருவர் உணர்ச்சியின் அசைவைக் காண்பார். மற்றொருவர் அதனைத் தெய்வ ஆற்றலுடைய மந்திரக் குறியாகக் கண்டு அஞ்சுவார். சித்திரக்காரர் அதனை அழகிய அலங்காரமாகக் காண்பார். கணித அறிஞருக்கோ அது கணக்கில் அடங்கும் ஒரு சார்பின் வடிவம். கோடு ஒன்றுதான். அதற்குள் மனிதர் காணும் உலகங்கள் பல. பொருளைக் குறியாக்கி, குறியினாலே பொருளை ஆளும் இந்த ஆற்றலே மனிதத் தன்மையின் உயிர்நிலை என்பது கசிரரின் முடிவு. இக்கொள்கையை ‘குறியீட்டு வடிவங்களின் மெய்யியல்’ என்ற பெருநூலாக அவர் எழுதினார். அதன் மூன்று பகுதிகளும் 1923க்கும் 1929க்கும் இடையில் வெளிவந்தன.

பின்னாளில், 1944இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘மனிதனைப் பற்றிய ஒரு கட்டுரை’ என்ற நூலில், இதே கருத்தை விளக்க ஹெலன் கெல்லரின் வரலாற்றை அவர் எடுத்துக்காட்டினார். குழந்தைப் பருவத்திலேயே பார்வையையும் செவிப்புலனையும் இழந்த அச்சிறுமியின் உள்ளங்கையிலே ஆசிரியை ஆன் சலிவன் சொற்களை எழுத்தெழுத்தாக விரலாற் குறித்து வந்தார். சிறுமி அக்குறிகளைத் திருப்பிச் செய்யப் பழகினாள். ஆனால் அவை பொருள்களின் பெயர்கள் என்பதை உணரவில்லை. 1887ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஒருநாள் நீர்ப்பம்பிலிருந்து குளிர்ந்த நீர் ஒரு கையில் விழ, மற்றக் கையிலே நீர் என்னும் சொல்லை ஆசிரியை எழுதினார். அக்கணத்தில், எல்லாப் பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்ற உண்மை அச்சிறுமிக்கு விளங்கிற்று. அன்று மாலைக்குள் கண்ட பொருளுக்கெல்லாம் அவள் பெயர் கேட்டாள். மணியோசை கேட்டு உணவுக்கு ஓடிவரும் நாய்க்கு அவ்வோசை ஓர் அடையாளம் மாத்திரமே. இங்கு இல்லாத பொருளையும், நேற்று இருந்ததையும், நாளை வரக்கூடியதையும் சொல்லாற் பற்றி நினைப்பது மனிதனுக்கு உரியது. ஆகவே, மனிதனைப் பகுத்தறிவு விலங்கு என்பதினும் குறியீட்டு விலங்கு என்பதே பொருந்தும் என்றார் கசிரர்.

இனி ஹைடெகர் கூறியதைப் பார்ப்போம். மனிதனிடம் என்னென்ன ஆற்றல்கள் உள்ளன என்று எண்ணிக் காட்டுவது அவருக்கு உகந்ததன்று. கல்லும் மரமும் இருக்கின்றன. மனிதனும் இருக்கிறான். ஆனால் தான் இருப்பதே ஒரு கேள்வியாக இருப்பது மனிதன் ஒருவனுக்கே. தான் தேர்ந்துகொள்ளாத ஒரு காலத்திலும், ஊரிலும், குடும்பத்திலும் அவன் எறியப்பட்டிருக்கிறான். அன்றாட வாழ்வில் அவன் இதனை மறந்துவிடுகிறான். எல்லாரும் உடுப்பதுபோல் உடுக்கிறான். எல்லாரும் சொல்வதைச் சொல்கிறான். எல்லாரும் வெறுப்பதை வெறுக்கிறான். அந்த ‘எல்லாரும்’ யார் என்று கேட்டால், குறித்துக்காட்ட ஒருவரும் இல்லை.

இம்மறதியிலிருந்து அவனை உலுக்கி எழுப்புவது ஏக்கம் என்னும் உணர்வு என்றார் ஹைடெகர். அச்சத்துக்கு ஒரு பொருள் உண்டு. பாம்பைக் கண்டு அஞ்சுகிறோம். பாம்பு போனதும் அச்சம் நீங்குகிறது. ஹைடெகர் கூறும் ஏக்கத்துக்கோ சுட்டிக்காட்டக்கூடிய பொருள் எதுவும் இல்லை. உலகம் முழுவதுமே பிடிமானம் இழந்து நிற்கும் நிலை அது. அந்நிலையிலேதான் தன் மரணம் தனக்கே உரியது என்பதை மனிதன் உணர்கிறான். நம் வேலையைப் பிறர் செய்யலாம். நம் கடனைப் பிறர் தீர்க்கலாம். நமக்காக ஒருவர் தம் உயிரையே கொடுக்கவும் கூடும். அப்படிக் கொடுத்தாலும் நம் சாவை அவர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவராகார். முடிவுடையவன் என்ற இவ்வுண்மையை ஒளியாது ஏற்று வாழ்பவனே மெய்யாக வாழ்கிறான் என்பது ஹைடெகரின் கருத்து.

இரு கொள்கைகளும் எந்த இடத்தில் முட்டிக்கொண்டன? மனிதன் எல்லைக்கு உட்பட்டவன் என்பதிற் கசிரருக்கும் மறுப்பில்லை. அந்த எல்லைக்குள் அடைபட்டே அவன் கிடக்கிறானா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. கணிதத்தின் உண்மைகள் எக்காலத்திலும் எவ்விடத்திலும் செல்லுகின்றன. அறநெறியும், காண்ட் கூறியபடி, பகுத்தறிவுடைய உயிர் எதுவாயினும் அதனைக் கட்டுப்படுத்தும். சில ஆண்டுகள் வாழ்ந்து மடியும் உயிருக்கு இத்தகைய பொது உண்மைகள் எட்டுகின்றனவென்றால், எல்லைக்கு அப்பாலுள்ள ஒன்றை அது தொடுகிறது என்றே கொள்ளவேண்டும். இவை அனைத்தையும் கைவிடவா ஹைடெகர் விரும்புகிறார் என்று கசிரர் வினாவினார்.

ஹைடெகரின் மறுமொழி கூர்மையானது. அறம் மனிதனுக்குக் கட்டளையாக வந்து நிற்பதே அவன் எல்லைக்கு உட்பட்டவன் என்பதற்குச் சான்று என்றார் அவர். எல்லையற்ற உயிர் ஒன்று இருக்குமாயின், நன்மை செய் என்று அதற்கு எவரும் கட்டளையிட வேண்டுவதில்லை. உண்மையும் அத்தகையதே. உண்மை ஒவ்வொருவர் விருப்பப்படியும் மாறும் என்று தாம் கூறவில்லை. ஆயினும், உண்மையை வெளிப்படுத்தும் மனித இருப்பு இல்லாவிடில் உண்மை என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார்.

மெய்யியலின் பணி யாது என்பதிலும் இருவரும் பிரிந்து நின்றனர். மனிதனை இயன்றவரை ஏக்கத்தினின்றும் விடுவித்து, தன் படைப்புகளின் வழியே விரிந்த உலகத்துக்கு உயர்த்துவது மெய்யியலின் கடமை என்று கசிரர் கருதினார். முன்னோர் படைத்துவைத்தவற்றை நுகர்ந்தபடி சோம்பியிருக்கும் மனிதனை அவன் விதியின் கடுமைக்குத் திருப்பித் தள்ளுவதே மெய்யியலின் கடமை என்று ஹைடெகர் கருதினார். கசிரருக்குச் சென்று சேருமிடம் தெளிவாக உள்ளது, புறப்படும் இடமே தெளிவில்லை என்று அவர் குறை கூறினார். தம்முடைய கொள்கையில் புறப்படும் இடமே முதன்மையானது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒருவர் வழியின் முடிவைக் காட்டினார். மற்றவர் வழி தொடங்கும் நிலத்தைக் காட்டினார் என நாம் சுருக்கிச் சொல்லலாம்.

வாதத்தின் இறுதியிற் கசிரர் கூறிய ஒரு கருத்து சிறப்பாக எண்ணத்தக்கது. வாதத்தினால் எதிராளியை வெல்லமுடியாத நிலைக்கு வந்துவிட்டோம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். எனினும் ஒவ்வொருவரும் தத்தம் மொழியைப் பேசுகிறோம். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவும் செய்கிறது. ஆதலால், தனிமனிதர் அனைவருக்கும் மேலான ஒரு பொது உலகம் உண்டென்பது பெறப்படும் என்றார். மனிதனிலிருந்து மனிதனுக்குச் செல்லும் பாலம் அதுவே. ஹைடெகரோ, கூடியிருந்தோர் இரு மெய்யியலாரின் கருத்து வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு நில்லாது, கேள்வியின் ஆழத்துக்கே செல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அவையிலிருந்த இளைஞர் பலர் ஹைடெகரே வென்றார் என எண்ணினர். தொடர் முடியும் தறுவாயில் மாணவர்கள் ஒரு நகைச்சுவை நாடகம் நடத்தினர். அதிற் கசிரராக வேடமிட்டவர், தலை நரைத்ததுபோல் தோன்றும்படி மாவைத் தூவிக்கொண்டு, அம்முதியவரின் சாந்தமான பேச்சைக் கேலி செய்து நடித்தார். இமானுவேல் லெவினாஸ் என்பது அம்மாணவரின் பெயர். லித்துவேனியாவிற் பிறந்த யூத இளைஞர் அவர். அவரைப் பற்றி மீண்டும் பேசவேண்டியிருக்கிறது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1933இல் ஹிட்லர் ஜேர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியை ஏற்று, ஓராண்டு அதனை வகித்திருந்த கசிரர், யூதர் என்பதனால் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஒக்ஸ்போர்ட், சுவீடனின் கொதன்பேர்க், அமெரிக்காவின் யேல், கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகங்களில் அவர் அடுத்தடுத்துப் பணிபுரிந்தார். 1945ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள், போர் முடிய ஒரு மாதமும் இல்லாத நிலையில், நியூயோர்க் நகரிற் காலமானார். ஹைடெகரோ 1933 ஏப்பிரலிற் பிரைபேர்க் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். மே மாதம் முதலாம் நாள் நாஜிக் கட்சியிற் சேர்ந்தார். மறு ஆண்டிலே தலைமைப் பதவியைத் துறந்தபோதும் 1945 வரை அக்கட்சியின் உறுப்பினராகவே இருந்தார். 1976இல் அவர் இறந்தார். 2014 முதல் வெளியான அவருடைய குறிப்பேடுகளில் யூதருக்கு எதிரான வாசகங்களும் காணப்படுகின்றன.

இதனால் ஹைடெகரின் மெய்யியல் முழுவதும் பொய் என்று தள்ளிவிடலாமா? அவ்வாறு தள்ளுவது அவசர முடிவாகும். மரணத்தைப் பற்றியும் அன்றாட மறதியைப் பற்றியும் அவர் கூறியவற்றிற் பெரும் உண்மை இருப்பதை அவருடைய எதிராளிகளும் மறுத்திலர். அவரிடம் பயின்றோருள் யூதர் பலரும் இருந்தனர். நாஜி ஆட்சிக்கு இரையானோருள்ளும் அவர் நூல்களைப் போற்றியோர் உண்டு. கசிரர்கூட, தாம் இறந்தபின் 1946இல் வெளிவந்த ‘அரசு பற்றிய கட்டுக்கதை’ என்ற நூலில், ஹைடெகரின் கொள்கை நாஜி அரசியலை நேரே பெற்றெடுத்தது எனக் குற்றஞ்சாட்டவில்லை. அரசியற் கட்டுக்கதைகளை எதிர்த்து நிற்கக்கூடிய அறிவு வலிமைகளை அது தளர்த்திவிட்டது என்றே எழுதினார்.

இக்குற்றச்சாட்டு நிதானமானது, ஆயினும் கனமானது. ‘எல்லாரும்’ சொல்வதையே சொல்லும் மனிதனைப் பற்றி அத்துணை நுட்பமாக எழுதிய ஒருவரே, நாடு முழுவதும் ஒரே முழக்கத்தை எழுப்பியபோது அதனோடு தம் குரலையும் சேர்த்தார். விதியின் கடுமையை ஏற்கத் துணிந்தவன், எதற்காகத் துணியவேண்டும் என்பதை அவனுக்கு எது சொல்லும்? எல்லார்க்கும் பொதுவான அறமும், யாவரும் விளங்கிக்கொள்ளக்கூடிய பொது உலகமும் இல்லையாயின், துணிவு எப்பக்கமும் சாயக்கூடும். மறுபுறத்தில், கசிரர் நம்பிய மொழியும் கலையும் விஞ்ஞானமும் அந்த நாட்டிலே குறைவின்றி இருந்தன. இருந்தும் அவை கொடுமையைத் தடுக்கவில்லை. அதனை உணர்ந்தமையாலன்றோ, பண்பாடு என்பது மிக மெல்லிய நிலத்தின்மீது கட்டப்பட்ட கட்டடம் என்ற கவலையைத் தம் இறுதி நூலில் அவர் வெளியிட்டார்.

இனி, மாவு தூவி நடித்த மாணவரிடம் வருவோம். லெவினாஸ் பின்னர் பிரெஞ்சுக் குடிமகனானார். இரண்டாம் உலகப்போரிற் பிரெஞ்சுப் படைவீரராகச் சிறைப்பட்டு, போர் முடியும்வரை ஜேர்மன் சிறைமுகாமிற் கழித்தார். லித்துவேனியாவில் இருந்த அவருடைய பெற்றோரும் சகோதரரும் கொல்லப்பட்டனர். கசிரரைக் கேலிசெய்து நடித்ததைப் பிற்காலத்தில் அவர் நினைந்து வருந்தினார்.

1961இல் லெவினாஸ் வெளியிட்ட ‘முழுமையும் முடிவிலியும்’ என்னும் நூல், டாவோசிற் கேட்கப்பட்ட வினாவுக்கு மூன்றாவது ஒரு விடையைத் தருகிறது. நான் எத்தகைய ஆற்றல் உடையவன் என்பதிலோ, நான் எவ்வாறு இறப்பேன் என்பதிலோ மனிதத் தன்மை தொடங்குவதில்லை. எதிரே நிற்கும் மற்றொருவரின் முகம், என்னைக் கொல்லாதே என்று வாய் திறவாமலே என்னிடம் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பொறுப்பேற்கும்போதே நான் மனிதனாகிறேன் என்றார் அவர். ஹைடெகருக்குத் தம் மரணமே முதலாவது உண்மை. லெவினாஸுக்கோ பிறர் மரணத்தைப் பற்றிய கவலையே முதலாவது. எல்லையின்மையைக் கசிரர் மனிதனின் படைப்புகளிலே தேடினார். லெவினாஸ் அதனை அயலவரின் முகத்திலே கண்டார்.

நேயர்களே! இம்மூன்று விடைகளையும் ஒப்பிட்டு, இதுவே முடிந்த முடிபு என்று தீர்ப்புக் கூறுவது இப்பேச்சின் நோக்கமன்று. ஆயினும் இவ்வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. மனிதன் யார் என்னும் வினா கற்றோர் பொழுதுபோக்குக்காக எழுப்பும் வினா அன்று. எவரை மனிதரென ஏற்பது, எவரை விலக்குவது, எவருக்காக எழுந்து நிற்பது என்பனவெல்லாம் அவ்வினாவுக்கு ஒரு சமுதாயம் தரும் விடையையே சார்ந்துள்ளன. பனிமலை விடுதியொன்றிலே அமைதியாகப் பேசப்பட்ட கருத்துகளுக்கு நான்கு ஆண்டுகளுக்குள் சோதனை வந்தது. மாறுபட்ட கருத்துடையவரோடு மரியாதையாகப் பேசமுடியும் என்று நம்பிய முதியவர் நாடிழந்தார். அவர் நம்பிய பாலம் அந்த நாட்டில் முறிந்தது.

முறிந்த பாலத்தை மீண்டும் கட்டலாம். அதற்கு வேண்டுவன மூன்று. நாம் எல்லைக்கு உட்பட்டவர்கள் என்ற அடக்கம் வேண்டும். நம் சொல் மற்றவருக்கும் அவர் சொல் நமக்கும் விளங்கும் என்ற நம்பிக்கை வேண்டும். எதிரே நிற்பவரின் உயிருக்கு நாமும் பொறுப்பு என்ற உணர்வு வேண்டும். இவற்றுள் முதலாவதை ஹைடெகரின் நூலிலிருந்தும், இரண்டாவதைக் கசிரரின் வாழ்விலிருந்தும், மூன்றாவதை லெவினாஸ் அடைந்த துயரத்திலிருந்தும் நாம் கற்றுக்கொள்ளலாம். மூன்றும் ஒருங்கே அமைந்தவரை மனிதர் என்று அழைப்பதற்கு எந்த மெய்யியலாரும் தயங்கமாட்டார்.